‘ஸ்டேக்ஹோல்டர்’: பங்குதாரரா, பாத்தியப்பட்டவரா?

சேலத்தில் ஒரு கூட்டத்துக்கான அறிவிப்பைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். மாநிலம் முழுக்க ஆஸ்பத்திரிகளின் கணினிகளை இணைத்து, நோயாளி எங்கே போனாலும் அவருடைய மருத்துவக் குறிப்புகளும் அங்கே கிடைக்கும்படி செய்வது பற்றிய கூட்டம். ஒரு காரியத்தின் லாபநட்டம் யாரையெல்லாம் தொடுமோ, அவர்களை ஆங்கிலத்தில் ‘ஸ்டேக்ஹோல்டர்ஸ்’ என்பார்கள். அப்படி இருந்த இடத்தில் ‘பங்குதாரர்கள்’ என்று போட்டேன். அரசு அறிக்கைகளில் வழக்கமாக வருவதுதானே. அதைப் படித்த மருந்துக்கடைக்காரர் கேட்டார்: “இதுல நான் எவ்வளவு பணம் போடணும்ங்க?”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. ‘பங்கு’, பகுத்தல் என்பதோடு உறவுள்ள தமிழ்ச் சொல், ‘தார்’ பாரசீகம். தாசில்தாரிலும் ஜமீன்தாரிலும் இருக்கும் அதே தார்தான். வைத்திருப்பவர் என்று பொருள். ஆக, பங்குதாரர் என்றால் பங்கு வைத்திருப்பவர், முதல் போட்டவர். ‘பங்காளி’ என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம். நம் பக்கம் பங்காளி என்றாலே வரப்புத் தகராறுதான் ஞாபகம் வரும்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. ‘ஸ்டேக்’ என்பது பந்தயப் பணம். இரண்டு பேர் பந்தயம் கட்டினால், பணத்தை மூன்றாவது ஆள் ஒருவர் கையில் கொடுத்து வைப்பார்கள். அவர்தான் ஸ்டேக்ஹோல்டர். யார் ஜெயித்தாலும் அவருக்கு வரவும் இல்லை, நட்டமும் இல்லை. அதனால்தான் அவரை நம்பிக் கொடுத்தார்கள். 1960களில் அமெரிக்க நிர்வாகவியலில் சொல் அப்படியே தலைகீழானது. ‘ஷேர்ஹோல்டர்’, அதாவது பங்கு வைத்திருப்பவர், மட்டுமா முக்கியம், தொழிலாளி, வாடிக்கையாளர், ஊர்க்காரர் எல்லோருக்கும் இதில் லாபநட்டம் உண்டே என்று சொல்ல இதை எடுத்தார்கள். 1984இல் நிர்வாகவியல் பேராசிரியர் எட்வர்ட் ஃப்ரீமன் இதைப் பற்றிப் புத்தகம் எழுதியபின் இது எங்கும் பரவியது. பங்குதாரர் அல்லாதவர்களையும் உள்ளே கூப்பிடப் புழக்கத்துக்கு வந்த சொல்லை நாம் ‘பங்குதாரர்’ என்றே மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்!

மருத்துவத் தகவல் பரிமாற்றத்தில் இது வெறும் சொல் விவகாரம் இல்லை. அமெரிக்காவில் மருத்துவக் குறிப்புகளைக் கணினிக்குக் கொண்டுவர 2009இல் வந்த ஹைடெக் சட்டத்தின்படி, இதற்காக மாநிலங்களுக்கு 50 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். திட்டம் போடும்போதே மருத்துவர், லேப், காப்பீட்டு நிறுவனம், நோயாளிகள் சார்பில் பேசுவோர் எல்லோரையும் சேர்க்கச் சொன்னார்கள். இங்கே 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற மத்திய அரசுத் திட்டம் நாடு முழுவதற்குமாக வந்தது. ஆளுக்கு 14 இலக்க ஆபா எண், அதாவது மருத்துவக் கணக்கு எண். குறிப்புகள் உருவான இடத்திலேயே இருக்கும். நோயாளி சம்மதித்தால்தான் அடுத்த ஆஸ்பத்திரி பார்க்க முடியும்.

சம்மதிக்க வேண்டியவர் யார்? ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக் கிராமத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் பெரியாஸ்பத்திரிக்கு வரும் பாட்டியைப் பாருங்கள். மடியில் மஞ்சப்பை. உள்ளே சர்க்கரை நோட்டு, மடிந்த இ.சி.ஜி. தாள், எழுத்து அழிந்துபோன மருந்துச் சீட்டு. இன்றைய தேதிக்கு அவருடைய தகவல் பரிமாற்றகம் அந்தப் பைதான். பேருந்திலேயே விட்டுவிட்டால், எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து. அவர் முதல் போடவில்லை, அதனால் பங்குதாரர் இல்லை. அவருக்கென்று நாம் வைத்திருக்கும் சொல் ‘பயனாளி’. பயனாளி கொடுத்ததை வாங்கிக்கொள்வார். கூட்டத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

‘சம்பந்தப்பட்டவர்’ காவல் நிலைய வாடை அடிக்கிறது. ‘தொடர்புடையோர்’ பரவாயில்லை, ஆனால் உரிமை தொனிக்கவில்லை. எனக்குப் பிடித்தது ‘பாத்தியப்பட்டவர்’. கோயில் நோட்டீசில் ‘இன்னின்ன ஊர்களுக்குப் பாத்தியப்பட்ட’ என்று வருமே, அது. கிரயப் பத்திரத்தில் ‘சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்’ என்றால் உரிமை. ‘அந்தக் கடனுக்கு நான் பாத்தியப்பட்டவன் இல்லை’ என்றால் பொறுப்பு. இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. தகவலைக் கசியவிட்டால் பதில் சொல்ல வேண்டிய ஆஸ்பத்திரியும் பாத்தியப்பட்டதுதான், தகவலுக்குச் சொந்தக்காரியான பாட்டியும் பாத்தியப்பட்டவர்தான். வடமொழி வாடை வேண்டாம் என்பவர்களுக்கு ‘உரியோர்’ இருக்கிறது. என்ன, அதில் பொறுப்பு கொஞ்சம் குறையும்.

அறிவிப்பைத் திருத்தி அனுப்பினேன். “கோயில் நோட்டீஸ் மாதிரி இருக்குதுங்களே” என்றார்கள். அச்சாகி வந்தபோது ‘தொடர்புடையோர்’ என்று இருந்தது.