பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை நம்பி நைட்ரோ டிரக் வாங்காதீர்கள்

மறுபடியும் ஒரு மான்ஸ்டர் டிரக் என் மேசைக்கு வந்திருக்கிறது; நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில், நிஜ என்ஜினோடு ஓடும் ரிமோட் கண்ட்ரோல் மாடல் வண்டி. பிஸ்டனில் மேலிருந்து கீழ்வரை கீறல், கனெக்டிங் ராட் இரண்டு துண்டு, எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கில் கம்பிச்சுருளையே காணோம். வாங்கியது என்னவோ ரேஸ் ஓட்டத்தான். ஆனால் டிராக்கில் ஒரு சுற்றுகூட ஓடவில்லை. இந்த வண்டிக்கு இங்கே ரேஸ் பிரிவே கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபத்தை வெளியே திடலில் வைத்து என்ஜின் மேல் காட்டியிருக்கிறார் வண்டிக்காரர். நைட்ரோ என்ஜின் பழுதுபார்ப்பதுதான் எனக்குப் பிழைப்பு, இதெல்லாம் வருமானம்தான். இருந்தாலும் புது வண்டியை இந்தக் கோலத்தில் பிரிக்க எரிச்சலாக வருகிறது.

ஏன் இந்த மாடல் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: “இதுலதான் என்ஜின் பெரிசு. பெட்டியில 100 கிலோமீட்டர் வேகம்னு போட்டிருந்தது.”

அந்த வேகம் எங்கே வரும் தெரியுமா? நீளமான, சமமான தார்ப்பரப்பில், எதிரே யாரும் இல்லாதபோது வரும். ரேஸ் நடப்பது மண் டிராக்கில். வளைவு, மேடு, தாவல், மறுபடி வளைவு. முழு த்ராட்டிலைப் பிடிக்க ஒரே ஒரு நேர்ப்பாதை இருக்கும். அதுவும் சில நொடிகளில் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் பிரேக், திருப்பம், தாவி இறங்குவது. 4.6 சிசி, 5.9 சிசி என்ஜினோடு வரும் மான்ஸ்டர் டிரக் உயரமானது, கனமானது. வளைவில் கவிழும். கவிழ்ந்த வண்டியை மார்ஷல் ஓடிவந்து நிமிர்த்தும்வரை நீங்கள் மேடையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதற்குள் உங்களைவிடச் சிறிய என்ஜின் வைத்திருப்பவர் உங்களைத் தாண்டிப் போய்விடுவார். போதாக்குறைக்குப் பெரிய என்ஜின் எரிபொருளைக் குடித்துத் தள்ளும், அடிக்கடி பிட்டுக்கு வரவேண்டும். இத்தனையும் அந்த வண்டியை உள்ளே விட்டால்தான். பெரும்பாலான இடங்களில் விடமாட்டார்கள்.

நைட்ரோ டிரக்குக்கு இன்று ரேஸ் என்றால் பெரும்பாலும் 1/8 அளவு (நிஜ வண்டியில் எட்டில் ஒரு பங்கு) ட்ரகிதான். பக்கி எனும் தாழ்வான மண்-டிராக் ரேஸ் காரின் அடித்தளத்தில் நீண்ட கைகளும் பெரிய சக்கரங்களும் போட்ட, தாழ்வான, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. என்ஜின் 3.5 சிசி, கடைக்காரர்கள் “21” என்பார்கள். ரிவர்ஸ் கியர் கிடையாது. அதைவிடச் சிறிய 1/10 ஸ்டேடியம் டிரக் பிரிவு ஒருகாலத்தில் நன்றாக ஓடியது. அந்தப் பிரிவை நடத்தும் இடங்கள் இப்போது குறைந்துவிட்டன. ஆகவே கடைக்குப் போகும் முன் டிராக்குக்குப் போங்கள், கையை வீசிக்கொண்டு. எந்தப் பிரிவில் ஆள் இருக்கிறது, எந்த நிறுவன வண்டி நிறைய ஓடுகிறது என்று பாருங்கள். முதல் ஹீட்டிலேயே (தகுதிச் சுற்று) சஸ்பென்ஷன் கை ஒடியும், கட்டாயம் ஒடியும். பக்கத்து மேசைக்காரரும் அதே வண்டி வைத்திருந்தால் உதிரிபாகம் கடன் வாங்கலாம், அன்றைய நாள் தப்பும்.

கிட்டா (நாமே பூட்ட வேண்டிய பாகங்கள்), தயார்நிலை வண்டியா என்பார்கள். கையில் ஸ்க்ரூடிரைவர் பிடித்துப் பழக்கமிருந்தால் கிட். இல்லையென்றால் தயார்நிலை ட்ரகி போதும். முதல் வருடத்தில் உங்களைப் பின்னுக்கு இழுக்கப்போவது வண்டி அல்ல.

அடுத்தது எரிபொருளில் எத்தனை சதவீதம் நைட்ரோமீத்தேன் என்ற பைத்தியம். “30 சதவீதம் நைட்ரோ போட்டேன், ஆனாலும் என்ஜின் சிக்கி சீஸ் ஆயிடுச்சு.” ஆனாலும் இல்லை ஐயா, அதனால்தான். நைட்ரோமீத்தேன் தனக்குள்ளேயே ஆக்சிஜன் வைத்திருக்கிறது; அது கூடினால் உள்ளே போகும் எரிபொருளும் கூட வேண்டும், அதாவது கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் நீடிலைத் திறக்க வேண்டும். திறக்காமல் டப்பாவை மட்டும் மாற்றினால் என்ஜின் லீனாக, அதாவது எரிபொருள் போதாமல், ஓடும். இந்த என்ஜினுக்குத் தனியாக ஆயில் கிடையாது. எரிபொருளில் கலந்திருக்கும் எண்ணெய்தான் உயவு. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறைந்தது. லீனாக ஓடும் என்ஜின் கேட்க அருமையாக இருக்கும், இரண்டு சுற்றுக்குப் பறக்கும், அப்புறம் என்னிடம் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் எடையில் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள எரிபொருளைப் பொதுமக்கள் உரிமமின்றி வாங்க முடியாதபடி 2021-இல் விதி நடைமுறைக்கு வந்தது. அங்கே ரேஸ் ஒன்றும் நின்றுவிடவில்லை.

என்ஜின் தலையில் வெப்பமானி 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் காட்டினால் சரி என்பது வழக்கம். அதை மட்டும் நம்பாதீர்கள். முழு த்ராட்டிலில் வண்டிக்குப் பின்னால் மெல்லிய புகைக்கோடு தெரிய வேண்டும். புகை இல்லையா, உடனே நிறுத்துங்கள்.

புது என்ஜின் குளிர்ந்த நிலையில், பிஸ்டன் மேல்முனைக்கு வரும்போது இறுகித்தான் நிற்கும். பிஸ்டன் ஓடும் குழலான ஸ்லீவ் மேலே குறுகலாகச் செய்யப்பட்டது, சூடானால் சரியாகிவிடும். பழுது என்று திருப்பிக் கொடுக்காதீர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கவும் செய்யாதீர்கள். ஹேர் டிரையரால் சூடாக்கிவிட்டுக் கிளப்புங்கள். அப்படியும் இழுக்க முடியவில்லை என்றால் உள்ளே எரிபொருள் நிரம்பியிருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள், வெளியே பீய்ச்சிவிடும். முகத்தை அந்தப் பக்கம் வைக்காதீர்கள்.

ஏர் ஃபில்டருக்கு எண்ணெய் போடுங்கள். ஒவ்வொரு ரேஸ் நாளுக்கும் புது ஃபோம். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலிசெய்து, துருவைத் தடுக்கும் ஆஃப்டர்-ரன் ஆயிலை என்ஜினுக்குள் விட்டு, பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள். எரிபொருளில் உள்ள மெத்தனால் ஈரத்தை இழுக்கும், பேரிங் துருப்பிடிக்கும்.

ரிமோட்டை முதலில் போடுங்கள், கடைசியில் அணையுங்கள். சிக்னல் போனால் வண்டியை நிறுத்தும் ஃபெயில்-சேஃப் பிரேக்கில் வைத்திருக்கிறதா என்று என்ஜினைக் கிளப்பும் முன் சோதியுங்கள். கார்புரேட்டரை மூடும் ரிட்டர்ன் ஸ்ப்ரிங் இல்லாத வண்டியை நான் மேசையிலேயே ஏற்றுவதில்லை. நான்கு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி, ரிசீவர் பேட்டரி செத்து முழு வேகத்தில் மார்ஷலின் கணுக்காலைத் தேடிப் போனால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இது மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இந்த எரிபொருளைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். மெத்தனால் சில மிடறு உள்ளே போனாலே கண் போகும், உயிரும் போகலாம். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் அந்தச் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. மூடிய அறைக்குள் வண்டியைக் கிளப்பாதீர்கள், கார்பன் மோனாக்சைடு சேரும். கார்புரேட்டருக்கு எரிபொருள் வரவில்லை என்று குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். சைலென்சர் வாயை விரலால் அடைத்துக் கயிற்றை இரண்டு முறை இழுத்தால் ஏறிவிடும்.