தைக்க முடிந்த குழாய்களும் தைக்க முடியாத நரம்புகளும்

"ஓடுகிறான், விளையாடுகிறான், நெஞ்சுவலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை, பிறகு எதற்கு டாக்டர் மறுபடியும் ஆஞ்சியோகிராம்?" இதய மாற்று அறுவை சிகிச்சை பெற்ற பிள்ளைகளை ஆண்டுப் பரிசோதனைக்கு அழைத்துவரும் பெற்றோர் பலரும் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அறுவை அரங்கில் நாங்கள் எவற்றைத் தைக்கிறோம், எதைத் தைக்க முடியாமல் விடுகிறோம் என்பதிலேயே அதற்கான விடை இருக்கிறது.

கொடையாளரின் உடலிலிருந்து இதயத்தை எடுக்கும்போது, அதற்கு வந்து சேரும் நரம்புகள் அனைத்தும் அறுபடுகின்றன. ரத்தக்குழாய்களை மீண்டும் இணைக்கலாம். நரம்புகளை இணைக்க வழியில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லச் சில நரம்பிழைகள் தாமாக வளர்ந்து சேர்வதுண்டு என்றாலும் அதை நம்பியிருக்க முடியாது. ஆகவே புதிய இதயம் ஓய்விலும் சற்று வேகமாகத் துடிக்கிறது, பிள்ளை ஓடத் தொடங்கினால் தாமதமாகவே வேகம் பிடிக்கிறது, தன் தசைக்கு ரத்தம் குறைந்தாலும் பெரும்பாலும் வலியாக அதைத் தெரிவிப்பதில்லை.

தைக்கும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. நோயாளியின் இரு மேலறைகளின் பின்சுவர்களை அப்படியே விட்டுவிட்டு, அவற்றோடு புதிய இதயத்தை இணைக்கும் முறையை 1960-ல் அமெரிக்க அறுவை மருத்துவர்களான லோவரும் ஷம்வேயும் நாய்களில் செய்து காட்டினார்கள். 1967 டிசம்பர் 3 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் அறுவை மருத்துவர் பர்னார்ட் செய்த முதல் மனித இதய மாற்று அந்த அடிப்படையில்தான் நடந்தது. மூன்று நாள் கழித்து நியூயார்க்கின் புரூக்ளினில் கான்ட்ரோவிட்ஸ் என்ற அறுவை மருத்துவர் ஒரு பச்சிளங்குழந்தைக்குச் செய்தார். அக்குழந்தை சில மணி நேரமே உயிரோடு இருந்தது. இம்முறையில் மேலறை இயல்புக்கு மீறிப் பெரிதாகிறது, வலப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மூவிதழ் வால்வு கசிகிறது, துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணு பாதிக்கப்படவும் வாய்ப்புண்டு. அதனால் உடலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரையையும் கீழ்ப்பெருஞ்சிரையையும் தனித்தனியாகத் தைக்கும் முறை 1990-களில் பரவியது. ஆனால் கைக்குழந்தையின் மேற்பெருஞ்சிரை மிக மெல்லியது. வட்டத் தையலைச் சற்று இறுக்கிவிட்டாலும் சுருக்குப்பையின் கயிற்றை இழுத்ததுபோல் குழாய் சுருங்கிவிடும். அந்தத் தையல் குழந்தையோடு சேர்ந்து வளரவும் வேண்டும். எனவே மிகச் சிறு குழந்தைகளுக்குப் பழைய முறையையே விரும்பும் அறுவை மருத்துவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பிற்போக்கானவர்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

பிறவிக் கோளாறுள்ள இதயத்தில் வேலை இன்னும் கடினம். இடப்பக்கம் வளர்ச்சி குன்றிய இதயம் என்றால் பெருந்தமனி வளைவையே புதிதாகக் கட்டவேண்டியிருக்கும். முன்பு பலமுறை அறுவை செய்யப்பட்டிருந்தால் நுரையீரல் தமனிக் கிளைகளையும் சீர்செய்ய வேண்டும். இதற்காகக் கொடையாளரிடமிருந்து இதயத்தோடு கூடுதல் நீளத்துக்குக் குழாய்களையும் எடுத்துக்கொள்கிறோம். ரத்த ஓட்டமின்றி இதயம் குளிரில் தாங்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மணி என்பதால், நெஞ்சைத் திறந்து பழைய ஒட்டுதல்களைப் பிரிப்பதில் போகும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வருகிறது. முன்பு ஏற்றிய ரத்தமும், ஒட்டுப்போடப் பயன்படுத்திய மனிதத் திசுவும், அயல் திசுவைத் தாக்கும் எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) உடலில் உருவாக்கி வைத்திருந்தால், பொருந்தும் இதயம் கிடைப்பதே அரிதாகிறது. முதல் அறுவையின்போதே இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

கைக்குழந்தைகளுக்கு ஒரு தனிச் சலுகை இருக்கிறது. மாற்று ரத்த வகைக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் அவர்களிடம் இன்னும் உருவாகியிருப்பதில்லை. ஆகவே ரத்த வகை பொருந்தாத இதயத்தையும் அவர்களுக்குப் பொருத்தலாம் என்பதை கனடாவின் டொரான்டோவைச் சேர்ந்த மருத்துவர் லோரி வெஸ்ட் குழுவினர் 2001-ல் வெளியிட்டார்கள். நீண்டகாலப் பலனிலும் கைக்குழந்தைகளே முன்னிற்கிறார்கள். பன்னாட்டுப் பதிவேட்டின்படி, ஒரு வயதுக்குள் மாற்று இதயம் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 20 ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள்; பதின்பருவத்தில் பெற்றவர்களிலோ பாதிப்பேர் உயிரோடிருக்கும் காலம் 14 ஆண்டுகளை ஒட்டியே நிற்கிறது. இவை முன்பு சிகிச்சை பெற்றவர்களின் கணக்கு; இன்றைய குழந்தைக்கு இதுவே எல்லை என்று பொருளல்ல.

பிற்காலத்தில் இதயத்தைக் கெடுப்பவற்றில் முதன்மையானது, மாற்று இதயத்தின் தசைக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரித் தமனிகள் சிறுகச் சிறுகத் தடித்து அடைபடுவது. வழக்கமான மாரடைப்பில் காண்பதுபோல் ஓரிடத்தில் மட்டும் அடைப்பு ஏற்படாமல் குழாய் நெடுகவும் குறுகிவிடுவதால், ஸ்டென்ட் வைத்தும் மாற்றுவழி (பைபாஸ்) அறுவை செய்தும் பெரிதாகப் பயன் கிடைப்பதில்லை. முற்றிய நிலையில் மறுபடியும் இதயம் மாற்றுவதே வழியாகிறது. வலி தெரிவிக்காத இதயத்தில் இது தொடங்குவதை அறிய ஆஞ்சியோகிராமும், குழாய்க்குள் செலுத்தும் அல்ட்ராசவுண்டும்தான் நமக்குள்ள கண்கள். முன்கூட்டியே தெரிந்தால் சிரோலிமஸ், எவரோலிமஸ் போன்ற மருந்துகளுக்கு மாற்றி, குழாய் அடைபடும் வேகத்தைக் குறைக்க முயலலாம்.

உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளான டாக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் இதயத்தைக் காக்கும் அதே வேளையில் சிறுநீரகத்தை வாட்டுகின்றன. எதிர்ப்பாற்றல் அடங்கிய உடலில் எப்ஸ்டைன்-பார் வைரஸ் நிணநீர்த் திசுவில் புற்றுநோய் வரை கொண்டுபோகலாம். விடாத காய்ச்சல், கழுத்துக்கட்டி, புதிதாகத் தொடங்கிய குறட்டை ஆகியவற்றை வெறும் டான்சில் தொல்லை என்று விட்டுவிடாதீர்கள். உடல் இதயத்தை நிராகரிப்பதும் குழந்தைகளில் வயிற்றுவலியாகவும் வாந்தியாகவும் வெளிப்படக்கூடும். அஜீரணத்துக்கு மருந்து வாங்கிக் கொடுத்து நாட்களைக் கடத்திய பிறகு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மருந்துகளின் பொறுப்பு பெற்றோர் கையிலிருந்து பிள்ளையின் கைக்கு மாறும் பதின்பருவமே எனக்கு மிகுந்த கவலை தருவது. உடம்பில் எந்த வித்தியாசமும் தெரியாததால், விட்டுப்போன வேளையைப் பிள்ளை பொருட்படுத்துவதில்லை. பரிசோதனை நாளில் பெற்றோரைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மருந்துகளின் பெயரையும் அளவையும் பிள்ளையையே சொல்லச் சொல்கிறேன். "ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றே தலையாட்டுவார்கள், "போன வாரம் எத்தனை வேளை விட்டுப்போனது?" என்று கேட்டால் விரல்விட்டு எண்ணத் தொடங்குகிறார்கள்.