"சாயாவுக்கு வல்லதும் பாத்துச் செய்யுங்க" என்றால் அதை அப்படியே எழுதுங்கள்

"லஞ்சம் வாங்கினத வீடியோ எடுத்தாச்சு, குரூப்புல போட்டாச்சு, ஊரே பாத்தாச்சு. இனி அந்த ஆளு எப்படி சார் தப்புவான்?"

இந்தக் கேள்வியோடு நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்துக்கு வருகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். தப்புவான். வீடியோவைக் குரூப்பில் போட்டதே பல நேரம் அவன் தப்புவதற்கு வழியாகிவிடுகிறது. இதை எத்தனையாவது தடவை சொல்கிறோம் என்ற கணக்கு விட்டுப்போனதால்தான் எழுத உட்கார்ந்தேன். வந்தவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. லஞ்சம், ஊழல் என்றால் எப்படி இருக்கும், எப்படி முடியும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தது சினிமாவும் டிவியும்தான். அதில் பாதி தவறு. மீதிப் பாதியைக் காட்டவே இல்லை.

'முதல்வன்' (1999) படத்தில் ஒருநாள் முதல்வர் போகிற வழியெல்லாம் அதிகாரிகளைச் சஸ்பெண்ட் செய்கிறார். தியேட்டரே கைதட்டியது. ஆனால் சஸ்பென்ஷன் தண்டனை அல்ல. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு அது ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(இ)-யின் கீழ் வரும் தற்காலிக நிறுத்தம், அவ்வளவுதான். பிழைப்பூதியம், அதாவது அந்தக் காலத்துக்குப் பகுதிச் சம்பளம், உண்டு. அதன் பிறகு 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை அதிகாரி, அறிக்கை என்று தனிப் பாதை இருக்கிறது. குற்ற வழக்கு அதற்கு வெளியே வேறொரு பாதையில் போகும். செய்தியில் 'சஸ்பெண்ட்' என்று ஓடியதும் நியாயம் கிடைத்துவிட்டது என்று புகார்தாரரே நம்பி, அடுத்த சம்மனுக்கு வராமல் இருந்துவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு!

'இந்தியன்' (1996) படத்தைப் பேசும்போது எல்லோரும் வர்ம அடியைத்தான் சொல்கிறார்கள். வர்மம் என்றால் நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு முதலில் நினைவு வருவது வைத்தியம். அடிக்கு இளக்குமுறையும் (அடியின் பாதிப்பை நீக்கும் வைத்தியம்) உண்டு என்பது ஆசான்மாரிடம் போனவர்களுக்குத் தெரியும். என் தொழில் பார்வையில் அந்தப் படத்தில் உண்மைக்கு மிக அருகில் இருப்பது நாயகனின் மகன் கதை. பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு தகுதிச் சான்று கொடுக்கிறான், பள்ளிப் பிள்ளைகள் சாகிறார்கள். லஞ்சம் நடக்கும் விதம் இதுதான். அங்கே கொடுத்தவனும் குற்றவாளி. அவனை யாரும் நெருக்கவில்லை, தனக்கு ஆதாயம் வேண்டித் தானே கொடுத்தான். படம் பார்த்துவிட்டு வந்தவர்களில் எத்தனை பேர் அந்த பஸ்காரரை நினைத்துப் பார்த்தோம்?

ஊழல் தடுப்புச் சட்டம் 1988-இல் வந்தது. 2018 ஜூலை 26 முதல் அதில் பெரிய திருத்தம் அமலில் இருக்கிறது. அதன் 8-ஆவது பிரிவு கொடுத்தவரையும் கூண்டில் ஏற்றுகிறது, 7 ஆண்டு வரை சிறை. லஞ்சம் கொடுத்தவர் தரும் வாக்குமூலத்துக்குப் பாதுகாப்பாக இருந்த பழைய 24-ஆவது பிரிவு இப்போது இல்லை. தப்பிக்க இரண்டு வழிகள்தான். கட்டாயப்படுத்தியதால் கொடுத்தீர்கள் என்றால், கொடுத்த 7 நாளுக்குள் புலனாய்வு அமைப்பிடம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிட்டு, ஆளைப் பிடிக்க உதவுவதற்காகக் கொடுக்க வேண்டும். காசைக் கொடுத்து, ரகசியமாக வீடியோ எடுத்து, குரூப்பில் போட்டு, லைக் எண்ணிக்கொண்டிருந்துவிட்டு 12-ஆவது நாள் வந்தால், உங்கள் கையிலிருக்கும் வீடியோ உங்கள் மீதே சாட்சியாகும். 7 நாள் என்பதைக் காலண்டரில் எண்ணுங்கள்.

இனி, என்னை மிகவும் நோகடிக்கிற நம்பிக்கைக்கு வருகிறேன். "கையும் களவுமா பிடிச்சாச்சுல்லா, பின்ன என்ன?"

சினிமாவில் நோட்டைத் தொட்டதும் கை சிவக்கும், போலீஸ் பாயும், திரையில் 'சுபம்'. நிஜத்தில் அந்தப் பொடி தானாகச் சிவக்காது, சும்மா தண்ணீரில் கழுவினாலும் சிவக்காது. நோட்டில் தடவுவது பினாப்தலின் என்ற வெள்ளைப் பொடி. சோடியம் கார்பனேட் கரைத்த தண்ணீரில் விரலை நனைத்தால்தான் இளஞ்சிவப்பாகும். புகார் பதிந்ததும் வேறு துறைகளிலிருந்து இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சியாக வரவழைப்பார்கள். அவர்கள் முன்னிலையில் நோட்டு எண்களை எழுதி, பொடி தடவி, கரைசலில் நிறம் மாறுவதைக் காட்டி, ஒப்படைப்பு மகஜர் (நடந்ததைச் சாட்சிகள் கையெழுத்தோடு பதிவு செய்யும் குறிப்பு) எழுதி, பணத்தைப் புகார்தாரரின் சட்டைப் பையில் வைப்பார்கள். கேட்டால் மட்டும் கொடுங்கள், வாங்கியதும் இந்தச் சைகை காட்டுங்கள் என்று சொல்லி, ஒரு சாட்சியையும் கூடவே அனுப்புவார்கள். பிடிபட்ட பிறகு வலக்கை, இடக்கை இரண்டையும் தனித்தனிக் கரைசலில் நனைத்து, அதைப் பாட்டிலில் அடைத்து, சீல் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

இத்தனையும் சரியாக நடந்தாலும் அந்தச் சிவப்பு நிறம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: நோட்டு அந்தக் கையில் பட்டது. ஏன் பட்டது என்று அது சொல்லாது. "கைமாத்தா வாங்கின கடனைத் திருப்பித் தந்தாரு", "நான் வேண்டாம்னு சொல்லச் சொல்ல பையில திணிச்சாரு", "கொடிநாள் வசூல்னு நெனச்சேன்." குறுக்கு விசாரணையில் இவை எல்லாம் வரும். வாங்கியது மட்டும் போதாது, கேட்டதும் நிரூபிக்கப்பட வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. கேட்டதும் வாங்கியதும் நிலைநின்றால்தான், அது வேலைக்காக வாங்கிய பணம் என்று 20-ஆவது பிரிவின் கீழ் நீதிமன்றம் அனுமானிக்கும். கேட்டது விழுந்தால் அனுமானமும் விழும், பிங்க் பாட்டில் வெறும் பாட்டிலாக நிற்கும்.

ஆகவே உங்கள் வழக்கின் உயிர் நோட்டில் இல்லை, அந்த ஆள் பேசிய வார்த்தையில் இருக்கிறது. 'எனக்கு இத்தனை ஆயிரம் லஞ்சம் தா' என்று சினிமா வில்லன்தான் கேட்பான். நம் ஊரில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. பட்டா மாறுதலுக்குப் போனால், உட்பிரிவுக்குச் சர்வேயரைக் கூப்பிட்டால், வாரிசுச் சான்றுக்கு அலைந்தால் காதில் விழுவது வேறு பேச்சு. "சாயாவுக்கு வல்லதும் பாத்துச் செய்யுங்க." (டீக்கு ஏதாவது பார்த்துக் கொடுங்கள் என்று அர்த்தம்.) "மேல உள்ளவங்களுக்கும் குடுக்கணும்லா." "மத்தவங்க எவ்வளவு தாறாங்கன்னு வெளிய நிக்க ஆளிட்ட கேளுங்க." சில நேரம் பேச்சே இருக்காது. காகிதத்தில் ஒரு எண்ணை எழுதிக் காட்டிவிட்டுக் கிழித்துப் போடுவார்கள். கால்குலேட்டரில் தட்டித் திருப்பிக் காட்டுவார்கள்.

புகார் எழுதும்போது இதையெல்லாம் மறந்துவிட்டு, 'மேற்படி அலுவலர் என்னிடம் லஞ்சம் கேட்டார்' என்று ஒரே வரியில் சுத்தத் தமிழில் எழுதிவிடுகிறீர்கள். அப்புறம் கூண்டில் நிற்கும்போது, "அவர் லஞ்சம் என்ற வார்த்தையைச் சொன்னாரா?" என்று கேட்பார்கள். "இல்லை" என்பீர்கள். "அப்படியானால் புகாரில் எழுதியது பொய்தானே?" அங்கேயே கால் தடுமாறும். ஐயா, அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன்: அவர் சொன்னதை அவர் சொன்ன பேச்சிலேயே எழுதுங்கள். சாயா என்றால் சாயா, வல்லதும் என்றால் வல்லதும். கால்குலேட்டரில் காட்டினால் எந்த எண், மேசையின் எந்தப் பக்கம் நீங்கள் நின்றீர்கள், அப்போது அறையில் வேறு யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். அலுவலகத்தை விட்டு இறங்கியதும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு தாளில் குறித்துவிடுங்கள். தேதி, நேரம், உங்கள் விண்ணப்ப எண், யாரிடம் அது நிலுவையில் இருக்கிறது என்பதும் அதில் வேண்டும். பணம் கொடுக்கிற அன்றைக்கு முன்பே கோப்பில் கையெழுத்தாகியிருந்தால், "வேலையை முடித்த பிறகு நான் ஏன் கேட்க வேண்டும்?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். கேட்ட நாளில் வேலை எந்த நிலையில் இருந்தது என்று உங்கள் தாளில் இருந்தால் அந்தக் கேள்வி மழுங்கிவிடும்.

இடைத்தரகர் கேட்டாலும் விடாதீர்கள். அலுவலரிடம் செல்வாக்கைப் பயன்படுத்தித் தருகிறேன் என்று காசு வாங்குகிறவருக்கு 7ஏ பிரிவு இருக்கிறது. நம் மாவட்டத்தில் இவர்களுக்குக் கூடுதல் பிழைப்பு கிடைக்க ஒரு காரணம் உண்டு. 1956 நவம்பர் 1-க்கு முன் இந்த மண் திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் பழைய ஆதாரங்கள் (பத்திரங்கள்) மலையாளத்தில் கிடக்கும். படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு போய் யாரிடமாவது கொடுக்கிறார்கள். அவர் படித்துச் சொல்வதற்கும் வாங்குகிறார், உள்ளே கொடுக்க வேண்டும் என்றும் வாங்குகிறார். இரண்டும் சேர்ந்து ஒரே தொகையாகிவிடுவதால் எது கூலி, எது லஞ்சம் என்று பிறகு பிரிக்க முடிவதில்லை. மொழிபெயர்ப்புக்குத் தனி ரசீது வாங்குங்கள்.

இப்படிப் பொறி வைத்துப் பிடிக்கிற நாளில் செய்யக்கூடாதவை சில உண்டு. நோட்டைப் பையிலிருந்து எடுத்து எண்ணிப் பார்க்காதீர்கள். நோட்டைத் தொட்டுவிட்டு அலுவலருடன் கை குலுக்காதீர்கள். உங்கள் கைப் பொடிதான் என் கையில் ஒட்டியது என்பார். அதே பையிலிருந்து சில்லறை எடுத்துச் சாயா குடிக்காதீர்கள். அவர் கேட்காமல் நீங்களாக நீட்டாதீர்கள், கோப்புக்குள் செருகிவிட்டு வராதீர்கள். "நீ கெட்ட கேட்டுக்கு உனக்கு காசா?" என்று வசனம் பேசாதீர்கள். கூட வந்த சாட்சிக்குக் கேட்கிற மாதிரி, "சார், அன்னைக்குச் சொன்ன காரியம் என்னாச்சு?" என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவர் வாயால் வரவிடுங்கள். அன்றைக்கு அவர் கேட்கவில்லை என்றால் திரும்பி வாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது பென் டிரைவ். சீரியலில் வக்கீல் பென் டிரைவைச் செருகுவார், நீதிபதி பார்ப்பார், தீர்ப்பு வந்துவிடும். நிஜத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி, பிரதி எடுத்த மின்னணுப் பதிவோடு சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவியில் எடுத்தது, யார் வசம் இருந்தது, அந்தக் கோப்பின் ஹேஷ் மதிப்பு (கோப்பில் சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) என்ன என்பதெல்லாம் அதில் வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோ சுருங்கிவிடும், ஹேஷ் மாறிவிடும். குரூப்பிலிருந்து இறக்கியதைக் கொண்டுவந்தால் "இது அசல் இல்லை, வெட்டி ஒட்டியது" என்ற வாதத்துக்கு நீங்களே கதவைத் திறந்துவைக்கிறீர்கள். அதைவிடக் கொடுமை, வீடியோ ஊரெல்லாம் ஓடிய பிறகு அந்த அலுவலர் இனி யாரிடமும் கேட்கவே மாட்டார். பொறி வைக்கிற வாய்ப்பு அன்றோடு போச்சு.

நாகர்கோவிலிலேயே ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையின் பிரிவு இருக்கிறது. 1964-இல் தொடங்கிய துறை. மாநில அரசு ஊழியர் என்றால் முதலில் அங்கே போங்கள், யாரிடமும் சொல்லாமல் போங்கள். மத்திய அரசு ஊழியர் என்றால் சிபிஐ. பொறிக்கான பணம் வழக்குப் பொருளாகி நீதிமன்றத்தில் இருக்கும். அது எப்போது, எப்படித் திரும்ப வரும் என்று புகார் கொடுக்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிக் கட்டியவர்கள் இதைக் கேட்காமல் விட்டுவிட்டுத் தவிக்கிறார்கள்.

அப்புறம் காத்திருப்பு. வழக்குத் தொடர 19-ஆவது பிரிவில் மேலதிகாரியின் அனுமதி வேண்டும். விசாரணையை 2 ஆண்டுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நீட்டித்தாலும் மொத்தம் 4 ஆண்டு என்பது அதன் கணக்கு. படம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இங்கே அதற்குள் உங்களுக்கு வேண்டிய பட்டா கைக்கு வந்திருக்கும், கோபம் ஆறியிருக்கும், கோவில் கொடையிலோ சர்ச் திருவிழாவிலோ அந்த அலுவலரின் சொந்தக்காரர் வந்து, "அவருக்கும் பிள்ளைங்க இருக்குல்லா" என்பார். நீங்கள் கூண்டில் ஏறி, "அவர் கேட்டது சரியாக நினைவில்லை" என்பீர்கள். பிறழ் சாட்சி. 2022 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு ஒரு வழி காட்டியது: புகார்தாரர் பிறழ்ந்தாலும் இறந்துபோனாலும், மற்ற சாட்சியங்களையும் சூழ்நிலையையும் கொண்டு கேட்டதை நிரூபிக்கலாம். நல்ல தீர்ப்புதான். ஆனால் அன்று கூட வந்த சாட்சி வாசலில் நின்று ஒன்றும் கேட்காமல் போயிருந்தால், மிச்சம் இருப்பது என்ன?

'ஜெய் பீம்' (2021) படத்தில் ஒரு ஆட்கொணர்வு மனுவுக்காக வழக்குரைஞர் சாட்சி சாட்சியாகத் தேடி அலைவதைப் பொறுமையாகக் காட்டியிருந்தார்கள். அது லஞ்ச வழக்கு இல்லை. ஆனாலும் வழக்கு என்பது அலைச்சல் என்று காட்டிய படம் என்பதால், வருகிறவர்களிடம் அதைப் பார்க்கச் சொல்கிறேன்.

கடைசியாக, பதிவு செய்த போன். வழக்கு முடியும்வரை அதை பார்மேட் செய்யாதீர்கள், சிம் மாற்றிப் பிள்ளைகளுக்குக் கேம் விளையாடக் கொடுக்காதீர்கள், ஓணத்துக்கோ தீபாவளிக்கோ எக்ஸ்சேஞ்ச் ஆபரில் கொடுத்துப் புதுசு வாங்காதீர்கள். புலனாய்வு அதிகாரி கேட்டால் மகஜர் எழுதி வாங்கச் சொல்லி, நகல் பெற்றுக்கொண்டு கொடுங்கள். கேட்கவில்லை என்றால், உங்கள் கைப்பட எழுதிய அந்தத் தாளோடு ஒரு கவரில் போட்டு பீரோவில் வையுங்கள்.