கஸ்டம் ரோம்: சொல் வந்த வழியும் தமிழில் சொல்லும் வழியும்

புதுப் போன் விளம்பரத்தில் "8 ஜிபி ரேம், 128 ஜிபி ரோம்" என்று போட்டிருப்பார்கள். நாம் எடுக்கும் படங்கள், வாட்ஸப்பில் வந்து குவியும் வீடியோக்கள் எல்லாம் அந்த 128 ஜிபியில்தான் போய்ச் சேர்கின்றன. அதே போன் பழசாகி, கம்பெனி அப்டேட் தருவதை நிறுத்தியதும் "கஸ்டம் ரோம் போட்டுப் பார்க்கலாமா?" என்ற கேள்வி வருகிறது. இங்கே ரோம் என்றால் சேமிப்பிடம் இல்லை, போனை இயக்கும் ஆண்ட்ராய்டு போன்ற இயங்குதளம்; போனோடு வந்ததை எடுத்துவிட்டு வேறு யாரோ கட்டியதைப் போடுவதுதான் கஸ்டம் ரோம். பழைய வீடியோ கேம்களைப் போனில் ஆடுபவர்கள் "அந்த கேமோட ரோம் இருக்கா?" என்று கேட்பார்கள். அது ஒரு கோப்பு. பள்ளிப் பாடப்புத்தகத்தைத் திறந்தால் ரோம் என்பதற்குப் "படிக்க மட்டும் நினைவகம்" என்று இருக்கும். அது ஒரு சில்லு (சிப்).

ஒரே சொல்லுக்கு இத்தனை பொருள் இருப்பதால்தான் கஸ்டம் ரோமைத் தமிழில் சொல்ல முயல்கிறவர்கள் தடுமாறுகிறார்கள். எழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சிலர் ராம் என்று எழுதுகிறார்கள். ரேமையும் ராம் என்று எழுதுபவர்கள் இருப்பதால் எது எது என்று தெரியாமல் போகிறது. ரோம், ரேம் என்று பிரித்து எழுதுவதே நல்லது.

ரோம் என்பது 'ரீட் ஒன்லி மெமரி' என்பதன் சுருக்கம். ஆரம்பத்தில் அந்தப் பெயர் அப்படியே பொருந்தியது. சில்லைத் தயாரிக்கும்போதே அதில் இருக்க வேண்டியதைப் பதித்துவிடுவார்கள். அப்புறம் யாராலும் மாற்ற முடியாது. 1982-ல் வந்த கமடோர் 64 கணினியில் பேசிக் என்ற நிரல்மொழியும் அடிப்படை இயக்க நிரல்களும் இப்படிப்பட்ட சில்லுகளில்தான் இருந்தன. சுவிட்சைப் போட்ட உடனே கணினி தயாராகிவிடும். அந்தக் காலத்தில் இயங்குதளமும் ரோமும் ஒரே இடத்தில் குடியிருந்தன. பிற்காலக் குழப்பத்துக்கு விதை இங்கேதான் விழுந்தது.

மாற்ற முடியாது என்ற நிலை படிப்படியாகத் தளர்ந்தது. இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் 1971-ல் உருவாக்கிய ஈப்ரோம் சில்லின் தலையில் சின்னக் கண்ணாடிச் சன்னல் ஒன்று இருக்கும். அதன்வழியே புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் உள்ளே இருப்பது அழியும், திரும்ப எழுதலாம். அடுத்த பெரிய மாற்றம் ஜப்பானில் நடந்தது. தோஷிபாவில் ஃபூஜியோ மசுவோக்கா உருவாக்கி 1984-ல் வெளியுலகுக்கு அறிவித்த நினைவகத்தை மின்சாரத்தாலேயே, ஒரு பெரிய பகுதியை ஒரே அடியாக, அழிக்க முடிந்தது. அது கேமரா ஃபிளாஷ் அடிப்பதை நினைவூட்டுகிறது என்று உடன் பணியாற்றிய ஒருவர் சொன்னதால் அதற்கு ஃபிளாஷ் என்று பெயர் வந்தது. மொபைல் கடையில் "ஃபிளாஷ் பண்ணணும்" என்று சொல்கிறார்களே, அந்த ஃபிளாஷ் இதுதான்.

கையடக்கக் கருவிகள் வந்தபோது இயங்குதளத்தை இந்த ஃபிளாஷ் நினைவகத்தில் வைத்தார்கள். அழித்து எழுதக்கூடிய இடம்தான், ஆனாலும் பழைய பழக்கத்தில் அதை ரோம் என்றே அழைத்தார்கள். அதில் இருப்பதை அப்படியே ஒரு கோப்பாக எடுத்தால் அது ரோம் இமேஜ். நாளடைவில் இமேஜ் உதிர்ந்துபோய், கோப்பே ரோம் ஆகிவிட்டது. கேம் கேட்ரிட்ஜ்களிலிருந்து எடுத்த கோப்புகளுக்கும் இதே கதைதான்.

கஸ்டம் ரோம் என்ற பெயர் பரவுவதற்கு முன்னால் இன்னொரு பெயர் புழங்கியது: 'குக்டு ரோம்', அதாவது சமைத்த ரோம். மைக்ரோசாஃப்டின் போன் இயங்குதளமான விண்டோஸ் மொபைல் காலத்தில் கம்பெனி தந்த கோப்பைப் பிரித்து, வேண்டாததை எடுத்துவிட்டு, வேண்டியதைச் சேர்த்து மறுபடி கட்டுவார்கள். அதற்கான கருவித் தொகுப்புக்குக் கிச்சன் என்று பெயர், செய்தவருக்குச் செஃப் என்று பெயர். எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடிக்கும். செய்கிற வேலை என்னவென்று அதிலேயே தெரிகிறது.

ஆண்ட்ராய்டு பக்கம் கதவு திறந்த விதமும் சொல்லத் தக்கது. 2008 அக்டோபரில் முதல் ஆண்ட்ராய்டு போன், எச்டிசி தயாரித்த ஜி1, விற்பனைக்கு வந்தது. அதன் விசைப்பலகையில் தட்டுவதெல்லாம் திரையில் தெரிவதோடு நிற்காமல், பின்னணியில் முழு அதிகாரத்தோடு ஓடிக்கொண்டிருந்த கட்டளைச் சாளரத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. 'ரீபூட்' என்று தட்டி என்டரை அழுத்தினால் போன் நிஜமாகவே அணைந்து மறுபடி எழும். கூகுள் விரைவிலேயே ஓட்டையை அடைத்தது. அதற்குள் அதன்வழியே உள்ளே போனவர்கள் தங்கள் ரோம்களைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஸ்டீவ் கோண்டிக் 2009-ல் தொடங்கிய சயனோஜென்மாட் என்ற கஸ்டம் ரோம் அந்த வழியில் வந்தது. 2016 கடைசியில் அது நின்றுபோனதும் அதன் நிரலை எடுத்துக்கொண்டு லினேஜ்ஓஎஸ் தொடர்ந்தது. கம்பெனி கைவிட்ட எத்தனையோ போன்கள் இன்றும் புதிய ஆண்ட்ராய்டில் ஓடுகின்றன என்றால் அந்த உழைப்புதான் காரணம்.

இந்தக் கலையின் எல்லையைக் காட்டிய கருவி எச்டிசி எச்டி2. 2009-ல் விண்டோஸ் மொபைல் 6.5-உடன் வந்த போன் அது. முதலில் விண்டோஸுக்கு உள்ளிருந்தே மெமரி கார்டு வழியாக ஆண்ட்ராய்டை எழுப்பினார்கள். அப்புறம் போனின் சொந்த நினைவகத்திலேயே போட்டார்கள். விண்டோஸ் போன் 7, மீகோ, உபுண்டு என்று ஒவ்வொன்றாக அதில் ஓடியது. வந்தபோது எந்தக் கம்பெனியும் வாக்குக் கொடுக்காத இயங்குதளங்கள் அவை.

சரி, 'கஸ்டம்' எங்கிருந்து வந்தது? இலத்தீனில் வழக்கம் என்று பொருள்படும் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. வழக்கமாக ஒரே கடைக்கு வருபவர் கஸ்டமர். நம்மிடமும் இதே தடம் இருக்கிறது: வாடிக்கை என்றால் வழக்கம், வழக்கமாக வருபவர் வாடிக்கையாளர். வாடிக்கையாளர் கேட்டபடி செய்துகொடுப்பது ஆங்கிலத்தில் கஸ்டம் ஆயிற்று. தமிழில் அதற்குச் 'சொல்லிச் செய்தது' என்போம்.

ஆனால் கஸ்டம் ரோம் நாம் சொல்லிச் செய்ததல்ல. முன்பின் தெரியாத யாரோ தன் போனுக்காகக் கட்டி, அதே மாடல் வைத்திருக்கும் எல்லாருக்கும் பகிர்ந்துகொண்டது. அது படிக்க மட்டுமான நினைவகமும் அல்ல. சொல்லின் இரண்டு பாதியும் பொருளை விட்டு விலகிவிட்டன. ஆகவே 'தனிப்பயன் படிக்க மட்டும் நினைவகம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது வாசகரை வழிதவற வைக்கும். 'தனிப்பயன் ரோம்' என்பதும் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

என் தேர்வு 'மாற்று இயங்குதளம்'. போனோடு வந்ததற்கு மாற்றாகப் போடுவது என்ற பொருள் அதில் நேராக இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இயக்க அமைப்பு என்றும் இலங்கைப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்றும் எழுதினாலும், இணையத்தில் இயங்குதளமே வேரூன்றிவிட்டது. இதில் ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. உபுண்டு டச், சைல்ஃபிஷ், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போன்றவையும் மாற்று இயங்குதளங்கள்தான். அவை ஆண்ட்ராய்டே அல்ல, ஆனால் கஸ்டம் ரோம் என்றால் பெரும்பாலும் ஆண்ட்ராய்டின் வேறு கட்டமைப்பு. வேறுபாடு முக்கியமான இடத்தில் 'மாற்று ஆண்ட்ராய்டு' என்று எழுதினால் போதும். கம்பெனியே போனில் போட்டுத் தரும் ஸ்டாக் ரோமுக்கு 'உடன்வந்த இயங்குதளம்' பொருத்தம்.

வினைச்சொல்லுக்கு நாம் அலையவே வேண்டாம். 'போடு' இருக்கிறது. ரோம் போடுவது, சாஃப்ட்வேர் போடுவது என்று எல்லாரும் ஏற்கெனவே பேசுகிறார்கள். சற்று முறையாக எழுத வேண்டுமானால் 'பதித்தல்'. 'பதிவேற்றம்' இங்கே ஆகாது. அது அப்லோடுக்குப் போய்விட்ட சொல்.

படிக்க மட்டும் நினைவகம் என்ற பெயரைத் தள்ளிவிடக் கூடாது. அசல் பொருளில் ரோம் இன்றைய போனிலும் இருக்கிறது. செயலிச் சில்லுக்குள்ளேயே பதிக்கப்பட்ட சிறு நிரல் அது. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது அதுதான். எந்தக் கஸ்டம் ரோமும் அதைத் தொடுவதில்லை. 2019-ல் வெளியான செக்எம்8 என்ற பாதுகாப்பு ஓட்டை ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் 10 வரை பாதித்தது. ஏற்கெனவே விற்றுவிட்ட அந்தப் போன்களில் அதை அப்டேட்டால் ஆப்பிளால் அடைக்க முடியவில்லை. ஓட்டை இருந்தது உண்மையான ரோமில்.

அதே ரோம் காப்பாற்றவும் செய்யும். தவறான கோப்பைப் பதித்துப் போன் டெட் ஆகிவிட்டால், குவால்காம் சில்லுள்ள சில போன்களில் மெக்கானிக் பின்மூடியைக் கழற்றி, போர்டில் 'டெஸ்ட் பாயிண்ட்' எனப்படும் இரண்டு புள்ளிகளை ட்வீசரால் தொட்டுக்கொண்டு யூஎஸ்பி கேபிளைச் செருகுவார். திரை இருட்டாகவே இருக்கும். ஆனால் கணினியில் 9008 என்ற எண்ணோடு ஒரு கருவி தோன்றும். அப்போது பதில் சொல்லிக்கொண்டிருப்பது அந்தப் படிக்க மட்டும் நினைவகத்தில் உள்ள நிரல். அதன்வழியே உடன்வந்த இயங்குதளத்தைத் திரும்பப் போட முடியும்.

ஆகவே சில்லைக் குறிக்கும்போது மட்டும் படிக்க மட்டும் நினைவகம் என்று எழுதலாம். விளம்பரத்தில் வரும் 128 ஜிபி ரோமுக்குச் 'சேமிப்பகம்' என்பதே சரி. அதை ரோம் என்பது ஆங்கிலத்திலேயே பிழை. பழைய கேம்களின் கோப்புக்கு 'விளையாட்டுப் படிமம்' என்று எழுதினால், டிஸ்க் இமேஜை வட்டுப் படிமம் என்று எழுதும் வழக்கத்தோடு அது ஒத்துப்போகும்.