வயதான பூனை ஏன் தாவத் தயங்குகிறது?

வயதான பூனை அலமாரி மேல் ஏறுவதை நிறுத்திவிட்டால், "வயசாயிடுச்சு, சோம்பேறி ஆயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். பல நேரம் அது சோம்பல் இல்லை, மூட்டு வலி. 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 12 வயதைத் தாண்டிய பூனைகளின் எக்ஸ்ரே படங்களில் 90 சதவீதத்தில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. படத்தில் தேய்மானம் இருந்தால் வலியும் இருந்தே தீரும் என்பதில்லை. ஆனால் இவ்வளவு பரவலான ஒன்றை நாம் கவனிக்காமலே விடுகிறோம் என்பது வருத்தமான விஷயம்.

கவனிக்காததற்குக் காரணம் உண்டு. பூனைக்கு இரண்டு இடுப்பும், அல்லது இரண்டு முழங்கையும் சேர்ந்தே தேய்வது வழக்கம். எந்தக் காலைத் தாங்கி நடப்பது? அதனால் நொண்டுவதில்லை. அசைவுகளைத்தான் குறைத்துக்கொள்கிறது. நல்ல மூட்டுள்ள பூனை கட்டிலுக்கு ஒரே தாவில் போய்விடும். வலியுள்ளது கட்டிலடியில் நின்று அண்ணாந்து பார்க்கும், பின்னங்கால்களை மாற்றி மாற்றி வைக்கும், அப்புறம் முன்னங்கால் நகங்களைப் போர்வையில் மாட்டி உடம்பை மேலே இழுத்துக்கொள்ளும். திரும்பி நக்க முடியாததால் இடுப்புப் பக்கம் முடி சிக்குப் பிடிக்கும். மலத்தொட்டியின் விளிம்பு உயரமாக இருந்தால் அதற்கு வெளியிலேயே போய்விடும். அதற்காகத் திட்டு வாங்கும் பூனைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது? எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் நரம்பும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. ஆகவே தேயத் தொடங்கும்போது வலி தெரியாது, தேய்ந்தது சரியாவதும் அரிது. வலி சுற்றுப்புறத்திலிருந்து வருகிறது. உதிர்ந்த துகள்கள் மூட்டுச் சவ்வை உறுத்தி அழற்சியை உண்டாக்குகின்றன. அடியிலுள்ள எலும்பின் மீது சுமை கூடுகிறது. அழற்சி கண்ட திசு, நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. அது வலி நரம்புகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை மேலும் கூர்மையாக்க, சாதாரண அசைவும் வலிக்கத் தொடங்குகிறது.

இந்தப் புரதத்தையே குறிவைக்கிறது ஃப்ரூனெவெட்மாப் என்னும் ஊசி மருந்து. அது ஓர் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி). புரதத்தைப் பிடித்துக்கொண்டு நரம்பிடம் போகவிடாமல் தடுக்கிறது. மாதம் ஒருமுறை தோலுக்கடியில் போடுகிறார்கள். அமெரிக்காவில் 2022 ஜனவரியில் இதற்கு அனுமதி கிடைத்தது. மெலாக்சிகாம் போன்ற அழற்சி எதிர்ப்பு மருந்துகளும் உதவும். ஆனால் வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்தே இருப்பது சகஜம் என்பதால், இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: மனிதருக்கான பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. அதைச் சிதைத்து வெளியேற்றத் தேவையான நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. தேங்கும் நச்சு, சிவப்பணுக்கள் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடும். ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. ஒரு பக்க விளிம்பு தாழ்ந்த மலத்தொட்டி, சோபாவுக்கும் ஜன்னலுக்கும் முன்னால் படி போல ஒரு பெட்டி, குளிர் படாத மெத்தென்ற படுக்கை. தண்ணீரும் சாப்பாடும் ஏறி இறங்காமல் எட்டட்டும். எடை கூடியிருந்தால் மெதுவாகக் குறைக்க வேண்டும். பட்டினி போட்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகிவிடும். மூட்டுக்கு நல்லது என்று விற்கப்படும் குளுக்கோசமைன் மாத்திரைகளை நான் பெரிதாக நம்பமாட்டேன், அவற்றுக்குச் சான்று பலமாக இல்லை.

மருத்துவமனை மேஜையில் பயந்துபோய்ச் சுருண்டிருக்கும் பூனை எதையும் காட்டிக்கொடுக்காது. அதனால் அது படி ஏறுவதையும் கட்டிலிலிருந்து இறங்குவதையும் முன்கூட்டியே மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். சிகிச்சை தொடங்கிச் சில வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடி எடுத்தால், மருந்து பலிக்கிறதா என்று மருத்துவரால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.