50 வயது தாண்டிய காருக்கு இன்சூரன்ஸ்: பாதிக் கட்டணச் சலுகை யாருக்கு, எப்போது லாபம்?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் அம்பாசடரோ ஃபியட்டோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ வைத்திருப்பவர்கள் இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற மாதம் வந்தால் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பழைய காருக்குப் பாதிக் கட்டணம் என்கிறார்களே, நம் வண்டிக்கும் உண்டா? சலுகை உண்டு. ஆனால் வண்டியின் வயதை மட்டும் வைத்து அதைத் தரமாட்டார்கள். ஆர்.சி.யில் அது விண்டேஜ் வண்டி என்று பதிவாகியிருக்க வேண்டும். அப்படிப் பதிவு செய்வதில் கையைக் கட்டும் நிபந்தனைகள் சில இருக்கின்றன. அதனால் பதிவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு நிறைந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதில் வரும். 1975-ல் பதிவான ஃபியட் 2025-ல் தகுதி பெற்றுவிட்டது. 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்த முதல் மாருதி 800-கள் 2033 வரை காத்திருக்க வேண்டும். விண்ணப்பத்தை அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் படிவம் 20-ல் கொடுக்க வேண்டும். பழைய ஆர்.சி.யும், நடப்பில் இருக்கும் இன்சூரன்ஸ் பாலிசியும், இறக்குமதி வண்டியானால் சுங்கத்துறை ரசீதும் கேட்பார்கள். மாநில அரசு அமைக்கும் குழு வண்டியைப் பார்த்துத் தகுதி சொல்லும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புது நம்பர் வாங்கினால் மாநில எழுத்துகளுக்கு அடுத்து வி.ஏ. என்று வரும். ஏற்கெனவே பதிவில் இருக்கும் வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். தாத்தா காலத்து நம்பர் பிளேட்டைக் கழற்ற மனம் வராதவர்களுக்கு அது ஒரு நிம்மதி.

மலையில் பலர் இடறுவது அடுத்த நிபந்தனையில். வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும். சேஸியிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. நம் ஊர் ஜீப்புகளும் அம்பாசடர்களும் எப்படிப்பட்டவை என்று தெரியுமே. ஏற்றத்தில் இழுக்கவில்லை, பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று எத்தனையோ வருஷத்துக்கு முன்பே டீசல் இன்ஜின் மாற்றிய வண்டிகள் எஸ்டேட்டுக்கு எஸ்டேட் நிற்கின்றன. அவற்றுக்கு விண்டேஜ் பதிவு கிடைப்பது கஷ்டம். அந்த இன்ஜின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். ஆர்.சி.யில் ஒரு இன்ஜின் நம்பர், பானெட்டுக்குக் கீழே வேறொன்று என்றிருந்தால், சாதாரண பாலிசியில்கூட க்ளெய்ம் நேரத்தில் சர்வேயர் (கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடுபவர்) கை வைக்கும் முதல் இடம் அதுதான்.

இன்னொரு நிபந்தனை, விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு வேலை ஆகியவற்றுக்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குன்னூர் மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போவது இதில் அடங்காது.

சரி, சலுகை எவ்வளவு? மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவுப்படி பொது இடத்தில் ஓடும் எந்த வண்டிக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், அதாவது நம் வண்டியால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான இன்சூரன்ஸ், கட்டாயம். அது இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அடுத்த முறை 4,000. மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. தேர்ட் பார்ட்டிக் கட்டணத்தை அரசே நிர்ணயிப்பதால் இதில் கம்பெனிக்குக் கம்பெனி பேரம் கிடையாது. 2022 ஜூன் 1-ல் அமலான அட்டவணைப்படி, தனியார் காருக்கு 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1000-க்கு மேல் 1500 சிசி வரை 3,416, அதற்கும் மேல் 7,897. விண்டேஜ் கார் என்று பதிவான தனியார் காருக்கு இதில் 50 சதவீதம் தள்ளுபடி என்று அதே விதிகள் சொல்கின்றன. தள்ளுபடி காருக்குத்தான். விண்டேஜ் பதிவு வாங்கிய பழைய புல்லட்டுக்கு இது வராது.

948 சிசி ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு 2,094 என்பது 1,047 ஆகும். 1489 சிசி அம்பாசடருக்கு 3,416 என்பது 1,708 ஆகும். 2199 சிசி வில்லிஸ் ஜீப், ஆர்.சி.யில் தனியார் கார் வகையில் இருந்தால், 7,897-க்குப் பதில் சுமார் 3,950. இவற்றின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. அம்பாசடர்காரர் வரியோடு சேர்த்துப் பத்து வருஷத்தில் மிச்சம் பிடிப்பது ஏறக்குறைய 20,150 ரூபாய். விண்டேஜ் பதிவுக் கட்டணம் 20,000! ஹெரால்டுக்கு மிச்சம் 12,350 தான். ஜீப்புக்கு 46,000-க்கு மேல். சாதாரண ஆர்.சி.யை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் செலவையும் எதிர்ப்பக்கம் எழுத வேண்டும். 2025 ஆகஸ்ட் அறிவிக்கைக்குப் பிறகு 20 வயது தாண்டிய காருக்கு அது 10,000 ரூபாய். அதையும் சேர்த்தால் விண்டேஜ் பதிவு நஷ்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் வருஷத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் மிச்சமாகிறதே என்று, வாரம் தவறாமல் ஓடும் காரை விண்டேஜ் பதிவுக்குள் கொண்டுபோய் அடைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அனுமதியில்லாத பயணத்தில் விபத்து நடந்தால் கம்பெனி அதைத்தான் முதலில் பிடிக்கும். அடிபட்டவருக்குப் பணம் கொடுக்கச் சொல்லி தீர்ப்பாயம் உத்தரவிட்டாலும், அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலிக்கும் உரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம்.

இதுவரை சொன்னது பிறருக்கு நேரும் சேதத்துக்கான இன்சூரன்ஸ். நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கு ஓன் டேமேஜ் வேண்டும். பேச்சுவழக்கில் ஃபுல் இன்சூரன்ஸ் என்பது இரண்டும் சேர்ந்தது. மலையில் இருப்பவர்கள் இதை வேண்டாம் என்று தள்ளும் முன், வழக்கமான பாலிசியில் எவையெல்லாம் அடங்கும் என்று ஒருமுறை படித்துவிடுவது நல்லது. தீ, திருட்டு, வெள்ளம், புயல் போக, நிலச்சரிவும் பாறைச் சரிவும் பெயர் சொல்லியே இருக்கின்றன. உறைபனிகூட இருக்கிறது. நீலகிரியில் 2009 நவம்பர் நிலச்சரிவைப் பார்த்தவர்களுக்கு இந்த வரியின் அருமை தெரியும். காட்டெருமை குறுக்கே பாய்ந்து மட்கார்டு நசுங்கினால் அது விபத்துக் கணக்கில் வரும். இறக்கத்தில் பிரேக் சூடாகித் தேய்ந்தது, ஏற்றத்தில் ஹெட் கேஸ்கெட் போனது போன்ற தேய்மானமும் இயந்திரக் கோளாறும் வராது. வண்டியைத் தூக்கிப் போகும் செலவுக்கு வழக்கமான பாலிசி கொடுப்பது அதிகபட்சம் 1,500 ரூபாய். பர்லியாரில் நின்ற காரை கோயம்புத்தூர் ஷெட்டுக்குக் கொண்டுபோக அது எந்த மூலைக்கு? கூடுதல் தொகை கட்டி இந்த வரம்பை உயர்த்த முடியுமா என்று ஏஜென்டிடம் கேளுங்கள்.

பழைய காருக்கு ஓன் டேமேஜில் கவனிக்க வேண்டியது ஐ.டி.வி., அதாவது பாலிசியில் எழுதும் வண்டி மதிப்பு. ஐந்து வயது வரை தேய்மான அட்டவணை உண்டு. ஐந்து வயது தாண்டிய வண்டிக்கும், கம்பெனி தயாரிப்பதை நிறுத்திவிட்ட மாடலுக்கும், உரிமையாளரும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் மதிப்பு. பிரீமியம் குறையட்டும் என்று ஏஜென்ட் 40,000 என்று போட்டுவிடுவார். நாமும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவோம். குன்னூர் பக்கம் காட்டேரி என்ற ஊரின் வளைவில் ஒரு பஸ் உரசி, மட்கார்டு, கதவு, டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் சேர்த்து ஷெட்டில் 32,000 எஸ்டிமேட் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழுச் சேதக் கணக்கில் போய்விடும். 40,000-க்கு 75 சதவீதம் 30,000. ஆக, சின்ன விபத்தில் நசுங்கிய நல்ல அம்பாசடர் காகிதத்தில் காயலான் கடைக்குப் போகிறது!

மதிப்பை 2 லட்சமாக எழுதினால் எவ்வளவு கூடும்? பழைய கட்டண அட்டவணையில் 10 வயது தாண்டிய காருக்கு ஓன் டேமேஜ் விகிதம் மதிப்பில் மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2007-லிருந்து இந்தக் கட்டணத்தைக் கம்பெனிகளே நிர்ணயிப்பதால் இதில் பேரத்துக்கு இடம் உண்டு. அந்தப் பழைய விகிதத்திலேயே பார்த்தாலும் கூடுதல் 1,60,000-க்கு வருஷம் ஐந்தாயிரத்துச் சொச்சம்தான். நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு அந்தச் செலவு தகும் என்பேன். பேசப் போகும்போது நாலு பக்கமும் எடுத்த போட்டோ, இன்ஜின் நம்பர் தெரியும் போட்டோ, செய்த வேலைகளின் பில், முடிந்தால் ஒரு மதிப்பீட்டாளரின் சான்று ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். எதுவும் இல்லாமல் வாயால் மட்டும் இரண்டு லட்சம் என்றால் யாரும் எழுத மாட்டார்கள்.

1940 டிசம்பர் 31-க்கு முன் தயாரான கார் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. இந்திய மோட்டார் கட்டண விதிகள் இப்படிப்பட்ட வண்டிகளைத்தான் விண்டேஜ் என்கின்றன. வின்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியா சான்று கொடுத்திருந்தால், ஒத்துக்கொண்ட மதிப்புப் பாலிசி வாங்கலாம். முழுச் சேதமானால் தேய்மானம் கழிக்காமல் பேசிய தொகையைக் கொடுப்பார்கள். போக்குவரத்து விதியின் 50 ஆண்டும் இந்த 1940 கணக்கும் வேறு வேறு. கவுன்ட்டரில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

க்ளெய்மில் பாகங்களின் விலையில் தேய்மானத்துக்காகப் பிடிக்கும் கழிவையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 10 வயது தாண்டிய வண்டியின் இரும்புப் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கும் பாதிதான். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. போதாக்குறைக்கு ஒவ்வொரு க்ளெய்மிலும் 1500 சிசி வரை 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும் நாம் ஏற்க வேண்டும். சின்ன கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போகாமல் இருப்பது மேல், என்.சி.பி.யாவது (க்ளெய்ம் போகாத வருஷத்துக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) மிஞ்சும். அது முதல் வருஷம் 20 சதவீதத்தில் ஆரம்பித்து 50 வரை ஏறும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் மொத்தமும் போய்விடும்.

பிரீமியத்தைக் குறைக்க நேர்மையான வழிகள் உண்டு. ஒரு தொகை வரை சேதத்தை நானே ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் ஓன் டேமேஜில் தள்ளுபடி கிடைக்கும். மழைக்காலம் முழுக்க வண்டியை எடுக்காதவர்கள், ஷெட்டில் நிற்கும் காலத்துக்குத் தீ, திருட்டுக்கு மட்டுமான பாலிசி பற்றிக் கேட்கலாம். அந்தப் பாலிசியோடு ரோட்டில் இறக்கினால் இன்சூரன்ஸ் இல்லாத வண்டிதான்.

கல்யாண ஊர்வலத்துக்கும் சினிமா ஷூட்டிங்குக்கும் பழைய கார் கேட்டு ஆள் வருவது ஊட்டியில் சகஜம். காசு வாங்கிக்கொண்டு அனுப்பினால், தனியார் கார் பாலிசி அந்தப் பயணத்துக்கு நிற்காது. நேரம் வைத்து நடத்தும் ராலிகளுக்கும் பாலிசியில் தனி எண்டார்ஸ்மென்ட் (கூடுதல் ஒப்புதல் குறிப்பு) வேண்டும். கிளம்புவதற்கு முதல் நாள் கேட்டால் கிடைக்காது, ஒரு வாரம் முன்பே கேளுங்கள்.

பழைய மாடல்கள் ஆன்லைன் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. நான்கு பொதுத்துறைக் கம்பெனிகளில் ஏதாவது ஒன்றின் கிளைக்கு நேரில் போய், வண்டியை ஆய்வுக்குக் காட்டுவதே சுலபம். க்ளெய்மில் தகராறு என்றால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அங்கே கட்டணமில்லாமல் விசாரிப்பார்கள், வக்கீல் வைக்கத் தேவையில்லை. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் இலவச எண் 155255.