அணைந்தது திரைதான், லேப்டாப் இல்லை

பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தபோதே அடிப்பாகம் இட்லிப் பானை மூடி மாதிரி சுட்டது. "இப்பதான் யூஸ் பண்ணீங்களா டீச்சர்?" என்றேன். "இல்ல தம்பி, மத்தியானமே ஷட்டவுன் பண்ணிப் பைல வச்சிட்டேன்" என்றார். ஷட்டவுன் கொடுத்திருக்கிறார், திரை கறுத்திருக்கிறது, மூடி வைத்துவிட்டார். ஆனால் பள்ளி விட்டு டவுன் பஸ் பிடித்து என் சர்வீஸ் கடைக்கு வந்து சேரும் வரைக்கும் உள்ளே ஃபேன் காற்றுக்கு வழியில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறிய நாளிலிருந்து இப்படித்தானாம். வீட்டில் இருக்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுவாராம், மூன்று மாதமாக. இன்னொரு கடையில் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லி விலையும் சொல்லியிருக்கிறார்கள், அதைக் கேட்டு பயந்துதான் என்னிடம் வந்தார்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததிலிருந்து, மாற்றியே ஆக வேண்டும் என்று மாற்றியவர்கள் பலர் இதே குறையோடு வருகிறார்கள். புதிய நோய் இல்லை. 2015-இல் எல்லோரும் 7, 8-இலிருந்து 10-க்குப் போனபோதும் இதே கதைதான்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்கிரேடு முடிந்த கையோடு வரும் முதல் ஒன்றிரண்டு ஷட்டவுன் மெதுவாக நடப்பது இயல்பு. திரையில் வட்டம் சுற்றி, அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள் என்று எழுத்து தெரிகிறதென்றால் சார்ஜரைச் செருகிவிட்டு ஒரு மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்த நேரத்தில் பவர் பட்டனை அமுக்கி, மறுநாள் விண்டோஸே ஏறாமல் தூக்கிக்கொண்டு வந்த கல்லூரிப் பையன்களை நிறையப் பார்த்துவிட்டேன். எழுத்தும் இல்லை, வட்டமும் இல்லை, திரை கறுப்பு, ஆனால் பவர் லைட் எரிகிறது, காதை வைத்துக் கேட்டால் ஃபேன் சத்தம் வருகிறது, பத்து நிமிடம் ஆகியும் அப்படியே இருக்கிறது என்றால்தான் கோளாறு.

டீச்சரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒழுங்காக ஆகிறதா என்பது. ஆகிறது என்றார். அப்போதே எனக்குப் பாதி தெம்பு வந்துவிட்டது. ஏனென்றால் ஷட்டவுனும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. விண்டோஸ் 8 வந்த 2012-இலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. கடைக்காரர் ஒருவர் இரவில் வாடிக்கையாளர்களை எல்லாம் அனுப்பிவிட்டு, சரக்கை உள்ளே எடுத்து வைக்காமல் பரப்பியது பரப்பியபடி மேலே ஒரு தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், காலையில் தார்ப்பாயை எடுத்தால் வியாபாரம் தயார். ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸும் அதைத்தான் செய்கிறது: நீங்கள் திறந்து வைத்ததை எல்லாம் மூடிவிட்டு, தன் மையப் பகுதியையும் டிரைவர்களின் (ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு பேச வைக்கும் சின்ன மென்பொருள்கள்) நிலையையும் அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு உறங்கப் போகிறது. ரீஸ்டார்ட் அப்படியில்லை, சரக்கை எல்லாம் காலி செய்துவிட்டுப் புதிதாக அடுக்கும். தினமும் ஷட்டவுன் செய்கிறவர்கள் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் சிபியுவின் 'அப் டைம்' (கடைசியாகப் புதிதாகத் தொடங்கியதிலிருந்து ஆன நேரம்) பாருங்கள், ஒன்பது நாள், பத்து நாள் என்று காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள்.

இப்போது அப்கிரேடில் ஏதாவது ஒரு டிரைவர் பொருந்தாமல் வந்து உட்கார்ந்துவிட்டால், உறங்கப் போ என்று சொல்லும்போது அது மட்டும் பதில் சொல்லாமல் நிற்கும், மொத்த லேப்டாப்பும் அதற்காகக் காத்திருக்கும்.

சோதனை எளிது. மவுஸ், பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட்டவுனைச் சொடுக்குங்கள். அந்த ஒரு தடவை மட்டும் தார்ப்பாய் இல்லாமல் முழுதாக அணையும். அப்படிச் செய்தால் அணைகிறது என்றால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். (அந்தப் பெட்டி மங்கலாக இருக்கும், மேலே உள்ள நீல வரியைச் சொடுக்கினால் திறக்கும்.) எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் உள்ள லேப்டாப்பில் இதனால் போவது சில நொடிகள்தான். என் கடைக்கு வருகிற பாதிப் பேருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

டீச்சருக்கு முடியவில்லை. டிக்கை எடுத்தும் லைட் எரிந்துகொண்டே இருந்தது. டிவைஸ் மேனேஜரில் 'சிஸ்டம் டிவைசஸ்' பட்டியலைத் திறந்தேன். இன்டெல் சிப் உள்ள லேப்டாப்களில் அங்கே 'மேனேஜ்மென்ட் எஞ்சின் இன்டர்ஃபேஸ்' என்று ஒன்று இருக்கும், 2015-லேயே இந்தக் கோளாறில் அடிபட்ட பெயர். ஏஎம்டி லேப்டாப்பில் அதைத் தேடாதீர்கள், இருக்காது. அதன் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்த டிவைஸை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிட்டு ஷட்டவுன் கொடுத்தேன். மூன்று நொடியில் லைட் அணைந்தது. ஆளைப் பிடித்தாகிவிட்டது. அப்புறம் அந்த மாடலுக்கென்று தயாரிப்பாளரின் தளத்தில் இருந்த டிரைவரை இறக்கிப் போட்டேன்.

டிரைவரைத் தயாரிப்பாளர் தளத்தில் மட்டும் எடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் சரிசெய்கிறோம் என்று வரும் இலவச மென்பொருள்களால் குப்பையோடு வந்த லேப்டாப்களைச் சுத்தம் செய்வது எனக்குத் தனி வருமானம். கஸ்டமர் கேர் நம்பர் என்று கூகுளில் தேடி முதலில் கிடைத்ததைக் கூப்பிட்டு, அவன் சொன்னான் என்று ரிமோட் ஆப்பைப் போட்டு லேப்டாப்பைத் திறந்து கொடுத்துவிடாதீர்கள். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே எழுந்து லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) அப்டேட் செய்யச் சொன்னால் அதற்கு முன், டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாமல் லேப்டாப் பூட்டிக்கொண்டால் என்னாலும் திறக்க முடியாது.

சரி, பட்டனை அமுக்கினால் என்ன கெட்டுவிடும் என்று டீச்சரும் கேட்டார். ஈவென்ட் வியூவரைத் திறந்து காட்டினேன். 'கெர்னல் பவர் 41' என்று தினமும் காலையில் ஒரு சிவப்பு வரி, நேற்று இரவு என்னை ஒழுங்காக அணைக்கவில்லை என்று விண்டோஸ் எழுதி வைத்த புகார். அவர் ஸ்க்ரோல் செய்துகொண்டே போனார், முடியவே இல்லை. டிஸ்கில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரத்தைப் பிடுங்கினால் எந்த ஃபைல் பழுதாகும் என்று யாரும் சொல்ல முடியாது. எப்போதோ ஒருநாள் உறைந்துபோனால் அமுக்கலாம், தப்பில்லை. தினமும் அதுவே வழக்கமானால்தான் ஆபத்து.

அதைவிட எனக்குப் பயம் அந்தச் சூட்டைப் பார்த்துத்தான். ஓடுகிற லேப்டாப்பைப் பைக்குள் அடைத்தால் பேட்டரி வெந்துகொண்டிருக்கும், நாளடைவில் உப்பும். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றாலோ, மூடி சரியாக மூடாமல் இடைவெளி விட்டாலோ சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்திவிட்டுக் கொண்டுவாருங்கள், நீங்களாகக் குத்தியோ அமுக்கியோ பார்க்காதீர்கள். டீச்சருடையதை அடிமூடி கழற்றிப் பார்த்தேன், பேட்டரி தட்டையாகத்தான் இருந்தது, தப்பித்தார்.

ஒரு வாரம் கழித்து போன் செய்தார். "தம்பி, உடனே அணைஞ்சிடுது. ஆனா பைல வைக்கவே பயமா இருக்கு, கொஞ்ச நேரம் காதை வச்சுப் பாத்துட்டுதான் வைக்கிறேன்." ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும் டீச்சர், நீங்கள் வையுங்கள் என்றேன்.